ஒரு மீட்டர் தூரத்தில் ஜஹனாரா

கதவைத் திறக்கிற பூட்டுக்குத் 'திற' என்று பெயர் வைக்க சேரனுக்கு ஒரு விளம்பர நிறுவனத்தின் உதவி தேவைப்பட்டது. பெயர் கிடைத்த அன்று அடையாறு அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அலுவலகம் என்பது சேரனின் மாமனார் வீட்டு மாடி. அங்கே ஒரு சுவர் முழுக்க, தோற்றுப் பழகு, வேகமாய்ப் பழகு என்கிற மாதிரியான ஆங்கில வாசகங்கள் ஒட்டியிருந்தன. சேரன் இதுவரை எதிலும் தோற்றதில்லை. தோற்றதெல்லாம் அவனிடம் வேலை பார்த்தவர்கள்தான்.

அந்தப் பூட்டுக்குச் சாவி கிடையாது. கைபேசியைப் பையிலிருந்து எடுக்கக்கூட வேண்டாம். வீட்டுக்காரர் கதவுக்கு ஒரு மீட்டர் பக்கத்தில் வந்தால் அதுவே தாழை விலக்கும். விலக்கிவிட்டு, பதிவு செய்யப்பட்ட ஒரு பெண் குரலில் "வாங்க" என்று பேர் சொல்லிக் கூப்பிடும். அந்தக் குரல் சேரனுடைய யோசனை. மிச்சமெல்லாம் மணிமொழியின் வேலை.

மணிமொழி ஆதம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்துபோகிறவள். ரேடியோ பொறியியல் படித்து, வேறு இரண்டு கம்பெனிகளைப் பார்த்துவிட்டு இங்கே வந்தவள். ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று பூட்டு எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் அவளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அவள் இரண்டு வழிகளைச் சேர்த்து வைத்திருந்தாள். ஒன்று, பூட்டும் போனும் பல அலைவரிசைகளில் மாறி மாறி ரேடியோ அலைகளை அனுப்பிக்கொண்டு, வந்து சேரும் அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பது. ஆங்கிலத்தில் ஃபேஸ் என்பார்கள். இது தூரத்தை விரல் நீளக் கணக்குக்குத் துல்லியமாகச் சொல்லும். மற்றது, அலை போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பது. இது முரட்டு அளவு. மூன்று நான்கு மீட்டர் முன்னே பின்னே போகும். இரண்டும் ஒத்துப்போனால்தான் பூட்டு திறக்க வேண்டும் என்று அவள் எழுதியிருந்தாள். ஒத்துப்போகாவிட்டால் மறுபடி அளக்கும். அதனால் சில சமயம் கதவு திறக்க இரண்டு விநாடி கூடுதலாக ஆனது.

அந்த இரண்டு விநாடிதான் கோதண்டபாணிக்குப் பொறுக்கவில்லை.

மந்தைவெளிப் பக்கம் ஒரு தெருவில் 'நந்தவனம்' என்று ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. நந்தவனத்தில் செடி என்று பார்த்தால் வாட்ச்மேன் அறைக்குப் பின்னால் ஒரு முருங்கை மட்டும் உண்டு. கோதண்டபாணி அதன் சங்கச் செயலாளர். ஏதோ ஓர் அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தபோது யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் எத்தனை மணிக்குப் போனார்கள் என்று பார்ப்பது அவருக்குப் பிடித்த காரியம். ஓய்வுக்குப் பிறகு அந்தச் சுகம் போய்விட்டது. சேரனின் பூட்டு ஒவ்வொரு திறப்பையும் பதிவு செய்யும், செயலாளரின் போனிலேயே அதைப் பார்க்கலாம் என்று கேட்டதும் மனுஷர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மாதிரிக்கு முதல் பூட்டை முதல் மாடியில் இருந்த அவருடைய வீட்டிலேயே பொருத்தினார்கள். அவர் கதவின் முன்னால் வந்து நின்றார். பூட்டு யோசித்தது.

"இந்த நேரத்துக்கு நான் சாவி போட்டுத் திறந்து, உள்ள போய், ஃபேனைப் போட்டு உக்காந்திருப்பேன்" என்றார்.

சேரன் அவருடைய நகைச்சுவைக்குத் தேவைக்கு மேலேயே சிரித்தான். அன்று சாயங்காலம் அலுவலகத்தில் எல்லோரையும் கூட்டினான்.

"மணி, ஃபேஸ்ல எவ்ளோ கரெக்டா வருது?"

"பத்து சென்டிமீட்டருக்குள்ள."

"டைம்ல?"

"மூணு, நாலு மீட்டர் தப்பலாம்."

"அப்ப கரெக்டா சொல்றவன் ஒருத்தன் இருக்கான், தப்பா சொல்றவன் ஒருத்தன் இருக்கான். தப்பா சொல்றவனை எதுக்கு வேலைக்கு வச்சிருக்கோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குகிற வரை மணிமொழி காத்திருந்தாள்.

"கரெக்டா சொல்றவனுக்கு ஒரு கோளாறு இருக்கு சேரன். அவன் கடிகார முள் மாதிரி. ஆறு மணின்னு கரெக்டா சொல்வான். காலைல ஆறா, சாயங்காலம் ஆறான்னு அவனுக்குத் தெரியாது. நாம வச்சிருக்கிற அலைவரிசை இடைவெளிக்கு எழுபத்தஞ்சு மீட்டருக்கு ஒரு தடவை அளவு மறுபடி சைபர்லேர்ந்து ஆரம்பிக்கும். எழுபத்தாறாவது மீட்டர்ல நிக்கிறவனைப் பாத்து ஒரு மீட்டர்ல நிக்கிறான்னு சொல்லும். டைம்தான் அதைப் பிடிக்கும்."

"எழுபத்தஞ்சு மீட்டர் சிக்னல் எங்க போகுது?"

"சாதாரணமா போகாது. கனமான தேக்குக் கதவுக்கெல்லாம் பத்தலைன்னு போன மாசம் நாம பவரை ஏத்தினோம். நடுவுல மறைப்பு இல்லைன்னா போகும்."

"சரி, எவன் கரெக்டா எழுபத்தாறு மீட்டர்ல போய் நிக்கப் போறான்? ஐஐடி பரீட்சையா இது? பிராக்டிகலா பேசு மணி."

மறுநாள் அவள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். அவளுக்கு ஆராய்ச்சி மனப்பான்மை இருப்பதாகவும், நிறுவனத்துக்கு வியாபார மனப்பான்மை தேவைப்படுவதாகவும் சேரன் அன்போடு விளக்கினான். மூன்றாம் நாள் அவளே நேர அளவை எடுத்துவிட்டுப் புதிய மென்பொருளை வெளியிட்டாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துக்கொள்வது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது.

கதவு இப்போது கண் இமைக்கும் நேரத்தில் திறந்தது. கோதண்டபாணி மகிழ்ந்து, நந்தவனத்தின் எல்லா வீட்டுக்கும் அதையே மாட்டினார்.

*

மூன்றாவது மாடியின் மூலை வீட்டில் ஜஹனாரா குடியிருந்தாள். ராயப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். நாற்பதைக் கடந்துவிட்டாள். கல்யாணம் ஒன்று நடந்து முடிந்திருந்தது. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. கல்யாணப் பெண்களின் ரவிக்கைக்கு ஆரி என்கிற ஜரிகைப் பூவேலை செய்து கொடுப்பது தொழில். கடை அதே தெருவில், எதிர்வரிசையில், சற்றுத் தள்ளி ஒரு மாடியில் இருந்தது. கடைக்குப் பக்கமாக இருக்கட்டும் என்றுதான் இங்கே வீடு பார்த்தாள். வீட்டுச் சொந்தக்காரி ஜெயலக்ஷ்மி அதே கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருந்தாள். கோதண்டபாணி வேண்டாம் என்றதனாலேயே ஜெயலக்ஷ்மிக்கு இவளைப் பிடித்துப்போயிற்று.

குடிவந்த அன்று கோதண்டபாணி படிக்கட்டில் நிறுத்திக் கேட்டார்.

"தனியாவா இருக்கப் போறீங்க?"

"தனியாத்தான். ஏன் சார், கூட வரீங்களா?"

கேட்டுவிட்டு அவள் மேலே ஏறிப் போய்விட்டாள். அவர் அதை மறக்கவில்லை.

பூட்டு மாட்டிச் சில நாள் கழித்து, எதிர்வீட்டு ஷீலா மத்தியான வேளையில் வெளியே வந்தபோது ஜஹனாராவின் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. ஷீலா கடைக்குப் போன் செய்தாள். ஜஹனாரா ஓடி வந்தாள். எதுவும் காணாமல் போகவில்லை. காற்று என்று சொல்லிக்கொண்டார்கள். அடுத்த வாரம் மறுபடி. இந்தத் தடவை ஷீலா வீட்டுக்குள் இருந்தபடியே கேட்டிருந்தாள். பூட்டு "வாங்க, ஜஹனாரா" என்று கூப்பிட்டது. கதவைத் திறந்து பார்த்தால் ஆளைக் காணோம்.

"உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச்சுப்பா. நான் என் காதால கேட்டேன். நீ வந்துட்டுத்தான போன?"

"நான் கடையை விட்டு நகரவே இல்ல ஷீலா."

கோதண்டபாணி தன் போனைத் திறந்து பார்த்தார். இரண்டு முறையும் அதே பதிவு: ஜஹனாராவின் போன், கதவுக்கு ஒரு மீட்டர் தூரத்தில். இப்படி ஒரு தருணத்துக்காகத்தான் அவர் அத்தனை காலம் காத்திருந்தார் போலும். மூன்றாம் முறை நடந்ததும் அவளைக் கீழே கூப்பிட்டனுப்பினார்.

"மிஷின் பொய் சொல்லாதும்மா. உங்க போன் இங்க இருந்திருக்கு. நீங்க இல்லைங்கறீங்க. அப்ப உங்க போனை வேற யார்கிட்டயோ குடுத்திருக்கீங்க. யாரும்மா வரது?"

"யாரும் வரல."

"வந்தா தப்புன்னு நான் சொல்லலை. சொல்லிட்டு வரணும். இது குடும்பங்கள் இருக்கிற இடம்."

ஜஹனாரா திரும்பிப் படியேறினாள். அவருடைய கேள்வியைவிடப் பெரிய கேள்வி ஒன்று அவளைப் பிடித்துக்கொண்டிருந்தது. போன் அவளிடம்தான் இருந்தது. வேறு யாரும் தொடவில்லை. அது வீட்டு வாசலில் இருந்ததென்றால் அவளும் வீட்டு வாசலில் இருந்திருக்கிறாள். வந்துவிட்டு, கதவைத் திறந்துவிட்டு, திரும்பிப் போய், வந்ததையே மறந்திருக்கிறாள்.

அவளுடைய அம்மாவுக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. ஐம்பது வயதில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, வைக்கவே இல்லை என்று சத்தியம் செய்வாள். கடைசியில் பெற்ற மகளையே யாரென்று கேட்டாள்.

ஒருநாள் ஜஹனாரா கடையைத் திறக்கவில்லை. போனை உள்ளறையில் வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு, மடியில் பெரிய கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். யாராவது வந்து திறந்தால் பிடித்துவிடலாம். யாராவது வரவேண்டும் என்றுகூட வேண்டிக்கொண்டாள். திருடன் வந்தால் தேவலை. யாரும் வரவில்லை. கதவும் அசையவில்லை. அவள் வீட்டில் இருக்கும்போது எதுவும் நடக்கவில்லை என்பது அவள் பயத்தை இன்னும் உறுதியாக்கியது.

பிறகு மருத்துவரிடம் போனாள். அவர் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். ஆனாலும் இந்த வயதில் எதையும் முழுக்க மறுத்துவிட முடியாது, ஆறு மாதம் கழித்து வந்து பாருங்கள் என்று அவர் சொன்னார். கடைக்குத் திரும்பியவள் ஒரு முகூர்த்த ரவிக்கையில் அன்னப்பறவையின் கழுத்தைத் தப்பாகப் போட்டுப் பிரித்தாள். மறுபடி போட்டு மறுபடி பிரித்தாள்.

*

சங்கக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வைத்தார் கோதண்டபாணி. மூலை வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஜெயலக்ஷ்மிக்குத் தீர்மானம் கொடுப்பதாகத் திட்டம். அதற்குமுன் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து பூட்டின் பதிவு உண்மை என்று சபையில் சொல்லிவிட்டால் யாரும் பேச முடியாது. சேரனுக்குப் போன் செய்தார். சேரன் மணிமொழியை அழைத்தான்.

"சின்ன வேலை. லாக் கரெக்ட்டுன்னு சொல்லிட்டு வந்துடு. முடிஞ்சா அந்த சார் பேசறதை வீடியோ எடு. திங்கக்கிழமை வேளச்சேரி ஆர்டர் கையெழுத்தாகுது. 'எங்க பூட்டு உண்மையைக் கண்டுபிடிச்சது'ன்னு போடலாம்."

மணிமொழி பதிவுகளை எடுத்துப் பார்த்தாள். மூன்று திறப்பும் நட்டநடுப் பகலில். பகல் நேரத்தில் ஜஹனாரா எங்கே இருப்பாள் என்று கோதண்டபாணியிடம் கேட்டாள்; அதே தெருவில், எதிர்வரிசைக் கடையில் என்றார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வெகுநேரம் முன்பே கிளம்பி, நேராக ஜஹனாராவின் கடைக்குப் போனாள்.

ஜஹனாரா சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் பேசினாள்.

"பூட்டுக் கம்பெனியா? இன்னா, மிஷின் பொய் சொல்லாதுன்னு சொல்ல வந்தியா? அதைச் செகரட்டரியே சொல்லிட்டாரு."

"இல்லக்கா. கதவு திறந்த நேரத்துல உங்க போன் எங்க இருந்துச்சுன்னு கேக்க வந்தேன்."

"நான் சொன்னா நம்புவியா? நானே நம்பறதில்ல இப்போ." நரம்பு புடைத்த விரல்களால் ஊசியில் ஜரிகையைக் கோத்தாள். "டாக்டராண்ட போய்ட்டு வந்தேன். எங்கம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்திருக்கலாமாம். ஆறு மாசம் கழிச்சு வாங்கறாரு. உன் பூட்டு அதுக்கு முன்னாடியே சொல்லிடுச்சு."

மணிமொழி பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"மத்தியானத்துல போனை எங்க வைப்பீங்க?"

"மேசை மேலதான். துபாய் கஸ்டமர் கூப்பிட்டா மட்டும் ஜன்னல்ல வைப்பேன். துணி கலர் வெளிச்சத்துல பாத்தாத்தான் அவங்களுக்குத் தெரியும்."

"அந்த மூணு நாளும் துபாய்லேர்ந்து கூப்பிட்டாங்களா?"

ஜஹனாராவின் கை நின்றது. போனை எடுத்துப் பழைய அழைப்புகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கூப்பிட்டிருந்தார்கள். மூன்று நாளும்.

மணிமொழி எழுந்து ஜன்னலுக்குப் போனாள். தெருவுக்குக் குறுக்கே, ஒரு மின்கம்பத்துக்கும் இரண்டு தென்னைகளுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் நந்தவனத்தின் மூன்றாம் மாடி தெரிந்தது. திறந்த வராந்தா. மூலையில் பச்சைக் கதவு. நடுவில் ஒரு மறைப்பும் இல்லை. தூரத்தை அளக்க அவளுக்குக் கருவி வேண்டியிருக்கவில்லை.

"போனைக் கொஞ்சம் இங்க வைக்கிறீங்களா."

ஜஹனாரா போனைக் கொண்டுவந்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. மணிமொழி அதை ஒரு சாண் இடதுபக்கம் நகர்த்தினாள். இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கீழே ஒரு மினி பஸ் ஒலியெழுப்பிக்கொண்டு போனது. பிறகு, கடல்காற்றில் எப்போதும் நடப்பது போல, எதிரே அந்தப் பச்சைக் கதவு மெதுவாக உள்பக்கம் திறந்தது.

ஜஹனாரா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைத் துப்பட்டாவால் ஒருமுறை அழுத்தித் துடைத்தாள். அழவில்லை.

"நான் அங்க போகல" என்றாள்.

"போகலக்கா. நீங்க இங்கதான் இருந்தீங்க. பூட்டுக்குத்தான் தெரியல. ஒரு மீட்டருக்கும் எழுபத்தாறு மீட்டருக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது."

"தெரியாதா, தெரியாத மாதிரி பண்ணிட்டீங்களா?"

மணிமொழி ஜன்னல் விளிம்பிலிருந்து போனை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியும்."

"இப்படி ஆகலாம்னு ஆபீஸ்ல சொன்னேன். கேக்கல."

"ஆபீஸ்ல சொன்ன. எனக்குச் சொன்னியா?"

"இல்ல."

"கதவு என்னோடது. ஆபீஸோடது இல்ல."

மணிமொழி படிக்கட்டுக்கு வந்து சேரனைப் போனில் கூப்பிட்டாள். அவன் முழுவதையும் கேட்டான். கேட்டுவிட்டு, சபாஷ் என்றான்.

"நல்ல வேளை, கஸ்டமர் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நாமளே பிடிச்சோம்."

"கஸ்டமர் என் பக்கத்துலயே நின்னு பாத்துட்டாங்க."

"அந்தம்மாவை விடு. ராத்திரியே அந்த டைம் அளவைத் திரும்பப் போட்டுடலாம். இன்னிக்கு மீட்டிங்ல நெட்வொர்க் பிரச்சனைன்னு சொல்லு. அவங்களைக் கொஞ்ச நாள் போனை ஜன்னல்ல வைக்க வேண்டாம்னு சொல்லு. திங்கக்கிழமை தாண்டட்டும் மணி. பதினாறு பேர் வேலை இதுல இருக்கு."

பதினாறு பேரின் வேலையைப் பற்றிச் சேரன் கவலைப்பட்டு அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

*

கூட்டம் கீழே கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள். கோதண்டபாணிக்கு மட்டும் கை வைத்த மர நாற்காலி. அவர் சேவையைப் பற்றியும், கட்டுப்பாட்டைப் பற்றியும், பெண்கள் பாதுகாப்பைப் பற்றியும் பேசினார். பாதுகாக்கப்பட வேண்டிய பெண்கள் என்று அவர் சொன்னவர்களில் ஜஹனாரா இல்லை என்பது பேச்சின் போக்கிலேயே புரிந்தது. பிறகு மணிமொழியின் பக்கம் திரும்பினார்.

"கம்பெனி இன்ஜினியர் வந்திருக்காங்க. அவங்களே சொல்லட்டும். இந்த ரெக்கார்டு உண்மையா, இல்லையா?"

மணிமொழி எழுந்தாள்.

"தப்பு சார். பூட்டுதான் தப்பு. அந்த மூணு நாளும் இவங்க கடையிலதான் இருந்தாங்க."

அவள் விளக்கினாள். அலை என்றாள், கடிகாரம் என்றாள். நேர அளவை எடுத்துவிட்டதைச் சொன்னாள். எடுத்தது தான்தான் என்பதையும் சொன்னாள். கூட்டத்தில் பாதிப் பேர் போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோதண்டபாணி சிரித்தார்.

"அதெப்படிம்மா, தெருக்கோடியில நிக்கிறவனைப் பூட்டு வாசல்ல நிக்கிறான்னு சொல்லும்? அந்தம்மா உங்ககிட்ட அழுதிருப்பாங்க, நீங்க இரக்கப்பட்டுட்டீங்க. என் வீட்லயும் அதே பூட்டுதான். ஒருநாள் தப்பா திறந்ததில்ல."

அதுவரை தூணோரமாக நின்றிருந்த ஜஹனாரா முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"சார், உங்க போனைக் குடுங்க."

"எதுக்கு?"

"தெருக்கோடி வரைக்கும் எடுத்துக்கினு போறேன். நீங்க இங்கயே உக்காருங்க. மிஷின் பொய் சொல்லாது இல்ல?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். போன் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் பார்த்தார்கள். கோதண்டபாணிக்குப் போனைக் கொடுக்க மனமில்லை. கொடுக்காமல் இருக்கவும் வழியில்லை.

"குடுங்கோளேன். தின்னுடவா போறா" என்றாள் ஜெயலக்ஷ்மி.

கொடுத்தார். ஜஹனாராவும் மணிமொழியும் தெருவில் இறங்கி நடந்தார்கள். இஸ்திரி வண்டியைத் தாண்டி, மருந்துக் கடையைத் தாண்டி, மின்வாரியப் பெட்டி வரை. முதல் மாடியில் கோதண்டபாணியின் வீட்டு வாசல் அங்கிருந்து நேராகத் தெரிந்தது. மணிமொழி தன் மடிக்கணினியில் அவருடைய பூட்டு காட்டுகிற தூரத்தைப் பார்த்துக்கொண்டே, இன்னும் கொஞ்சம் என்றாள். ஜஹனாரா அடிமேல் அடி வைத்தாள். எண் ஏறி, ஏறி, எழுபத்தைந்தைத் தொட்டு, சட்டென்று சைபருக்கு விழுந்தது.

கார் நிறுத்துமிடத்தில் மர நாற்காலியில் உட்கார்ந்திருந்த கோதண்டபாணியின் தலைக்கு மேலே, முதல் மாடியிலிருந்து, தாழ் விலகும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் குரல் தேனொழுகக் கூப்பிட்டது.

"வாங்க, கோதண்டபாணி."

அங்கே இருந்தவர்களில் யாரும் சிரிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஷீலாதான் முதலில் சிரித்தாள். கோதண்டபாணியின் மனைவி எழுந்து மாடிக்கு ஓடினாள், கதவைச் சாத்துவதற்காக. அவள் சாத்திவிட்டுத் திரும்புவதற்குள் அது இன்னொரு தடவை அவரை வரவேற்றது. மின்வாரியப் பெட்டி அருகே ஜஹனாரா ஓரடி முன்னே, ஓரடி பின்னே போய்க்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து போனை அவர் மடியில் வைத்தாள்.

கோதண்டபாணி தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "சரி. இது டெக்னிக்கல் விஷயம்னு இப்பத் தெரியுது. நல்லது. யாரும் யாரையும் இங்க தப்பா சொல்லலை."

"நீங்க சொல்லல சார்" என்றாள் ஜஹனாரா. "கேட்டீங்க. யாரும்மா வரதுன்னு கேட்டீங்க."

"நான் அப்படி ஒரு அர்த்தத்துல..."

"கேட்டேள்" என்றாள் ஜெயலக்ஷ்மி. "நானும்தான் மாடிப்படியில நின்னு கேட்டுண்டிருந்தேன். தீர்மானத்தைப் படிக்கறேளா, கிழிச்சுப் போடறேளா?"

அவர் படிக்கவில்லை. கிழிக்கவும் இல்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மன்னிப்பு என்ற சொல் அன்று அந்த இடத்தில் யார் வாயிலிருந்தும் வரவில்லை. மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. பூட்டில் இருந்த குறையைச் சங்கம் விழிப்போடு கண்டறிந்து சரிசெய்ததாக அதில் எழுதியிருந்தது.

சேரனும் சும்மா இருக்கவில்லை. நேர அளவை மறுபடி சேர்த்தார்கள். வேளச்சேரி ஆர்டர் ஒரு வாரம் தள்ளிக் கையெழுத்தானது. அங்கே கதவு இரண்டு விநாடி தாமதமாகத் திறந்ததை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. இரட்டை அளவு என்பது உலகத் தரம் வாய்ந்த பாதுகாப்பு என்றும், தங்கள் நிறுவனத்தில் யார் வேண்டுமானாலும் எதிர்க்கருத்து சொல்லலாம், அந்தக் கலாசாரத்தில் பிறந்ததுதான் இது என்றும் அவன் இணையத்தில் நீளமாக எழுதினான். கீழே நூற்றுக்கணக்கில் கைதட்டல் படங்கள். அதைப் படித்த அன்று மணிமொழி ராஜினாமா கொடுத்தாள். அவளுக்கும் கேக் வெட்டினார்கள்.

*

தரமணியில் வேறு வேலை கிடைத்த பிறகு ஒரு சனிக்கிழமை அவள் ஜஹனாராவின் கடைக்குப் போனாள். மாலை வெயில் ஜன்னல் வழியாகத் துணிமேல் விழுந்திருந்தது. எதிரே பச்சைக் கதவில் திண்டுக்கல் பூட்டு ஒன்று தொங்கியது. சங்கத்தின் அனுமதி இல்லாமல் பூட்டை மாற்றியதற்கு விளக்கம் கேட்டுக் கோதண்டபாணி இரண்டு தடவை ஆள் அனுப்பியதாக ஜஹனாரா சொன்னாள். விளக்கம் கொடுத்தீர்களா என்று மணிமொழி கேட்டதற்கு அவள் நூலைக் கடித்துத் துப்பினாள். அந்தக் கேள்விக்கு அவ்வளவுதான் மரியாதை.

"அக்கா, நான் வந்தது..."

"மன்னிப்பு கேக்க வந்தியா? இல்ல, மன்னிச்சிட்டேன்னு நான் சொல்றதைக் கேக்க வந்தியா?"

மணிமொழி முக்காலியில் உட்காராமல் நின்றாள்.

"கூட்டத்துல நீ எழுந்து சொன்ன. சரி. அதுக்கு வேலையையும் விட்டுட்ட. அதுவும் சரி. எல்லாரும் உன்னை நல்ல பொண்ணுன்றாங்க. ஷீலா உன் பேரைச் சொல்லிக்கினே கீறா. ஆனா எனக்குப் பைத்தியம் இல்லன்னு எனக்கே சொல்லிக்கினு நான் உக்காந்திருந்தேன் பாரு, அந்த நாளெல்லாம் நீ எங்க இருந்த? ஏசி ரூம்ல, உனக்குத் தெரிஞ்சதை வச்சுக்கினு இருந்த. இன்னும்கூட சமயத்துல அடுப்பை அணைச்சேனான்னு நாலு தடவை போய்ப் பாக்கறேன். அதை நீ அப்டேட் பண்ண முடியாது."

"முடியாதுக்கா."

"புது வேலையில இன்னா பண்ற?"

"அதேதான். தூரம் அளக்கறது. காருக்கு."

"கார் இன்னும் வேகமாப் போகும்" என்றாள் ஜஹனாரா. ஊசியைத் துணியில் குத்திவிட்டு முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். "அங்கயும் ஒருத்தன் இருப்பான். ரெண்டு விநாடி லேட்டுன்னு சொல்வான். நீ வேணாம்ப. சுத்தி இருக்கறவன்லாம் சிரிப்பான். அப்ப இன்னா பண்ணுவ?"

மணிமொழி யோசித்தாள். சொல்ல நல்ல பதில்கள் நிறைய இருந்தன.

"தெரியலக்கா" என்றாள்.

ஜஹனாரா தலையை ஆட்டினாள். அது ஒப்புதலா, இகழ்ச்சியா என்று மணிமொழியால் கண்டுபிடிக்க முடியவில்லை. படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. ஒரு கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும், கையில் பட்டுப்புடவைப் பையோடு. ஜஹனாரா எழுந்து அவர்களுக்குப் பாய் விரித்தாள்.

"நகரு, வெளிச்சத்தை மறைக்கற" என்றாள் மணிமொழியிடம்.

மணிமொழி நகர்ந்தாள். கொஞ்ச நேரம் சுவரோரமாக நின்று, கல்யாணப் பெண் மயிலா அன்னமா என்று முடிவு செய்ய முடியாமல் திணறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கீழே இறங்கி, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆதம்பாக்கத்துக்குப் போனாள்.